சிறிய அரசாங்கம், குறைந்த வரி: ராஜாஜி சொன்னது தமிழ்நாட்டில் ஏன் எடுபடவில்லை?

கடைக்கணக்கு எழுதியது:

தலைப்பைப் பார்த்தவுடனே 'சங்கி வந்துட்டான்' என்று தட்டச்ச ஆரம்பிப்பவர்கள், முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள். மதம், கோயில் எதுவும் பேச வரவில்லை. அரசாங்கம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், நம்மிடம் எவ்வளவு வாங்கலாம், அது மட்டும்தான் கேள்வி.

1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸில் கூட்டுப் பண்ணை விவசாயம் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நிலத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து உழ வேண்டுமாம். அதே வருஷம் ராஜாஜி, எண்பது வயதில், என்.ஜி. ரங்கா, மினு மசானி, கே.எம். முன்ஷி இவர்களோடு சுதந்திரா கட்சியை ஆரம்பித்தார். எதற்கெடுத்தாலும் அதிகாரியிடம் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று நிற்க வைக்கும் ராஜ்யம் வேண்டாம், வரியைக் குறை, சொத்தைப் பறிக்காதே, இவ்வளவுதான் அவர்கள் சொன்னதன் சாரம். 1962 தேர்தலில் 18 எம்.பி. 1967-ல் 44, மக்களவையில் எதிர்க்கட்சிகளிலேயே பெரிய கட்சி. 1971-ல் எட்டு. 1974-ல் சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் போய்க் கரைந்துவிட்டது.

அவர்கள் பயந்தது பொய்யா? 1973-74-ல் வருமான வரியின் உச்ச விகிதம் சர்சார்ஜோடு (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 97.75 சதவீதம். அதாவது இரண்டு லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கையில் நிற்பது இரண்டே கால் ரூபாய். செல்வ வரி அதற்கு மேலே தனியாக. யாராவது ஒழுங்காகக் கணக்குக் காட்டுவானா? உச்ச விகிதம் இப்படி இருப்பதும் வரி ஏய்ப்புக்கு ஒரு காரணம் என்று அரசு தானே நியமித்த வாஞ்சூ கமிட்டி 1971-லேயே எழுதிக் கொடுத்தது. பிறகு 77 ஆனது, 1985-ல் வி.பி. சிங் 50-க்குக் கொண்டுவந்தார், 1997-ல் சிதம்பரம் 30 ஆக்கினார். 1991-ல் தொழில் லைசென்ஸும் பெரும்பாலும் போனது. எல்லாமே அந்தக் கிழவர் கை நீட்டிய திசையில்தான் நடந்தது, நடத்தியது மட்டும் அவர் எதிர்த்த கட்சியும் அதிலிருந்து வந்தவர்களும்.

அப்படி இருக்கும்போது அவர் பிறந்த மாநிலத்தில் 'வரியைக் குறை, அரசே கொஞ்சம் தள்ளி நில்' என்று சொல்ல ஒரு கட்சி கூட இல்லையே, ஏன்?

செங்கல் எழுதியது:

1953.

கடைக்கணக்கு எழுதியது:

வரும் என்று தெரியும் தோழர். அது கல்வி, இது பொருளாதாரம். இரண்டையும் கலக்காதீர்கள்.

மரநிழல்_டீச்சர் எழுதியது:

எப்படிக் கலக்காமல் இருப்பது சார்? மக்கள் மனதில் அது கலந்துதான் கிடக்கிறது, அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. உங்கள் கேள்விக்கான பதிலே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

1953-ல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பள்ளிக்கூடங்கள் இரண்டு ஷிப்டாக நடக்கும், ஒரு பிள்ளைக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு, மீதி நேரம் அப்பா அம்மா செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பணமில்லை, கட்டடமில்லை, இருக்கிற வாத்தியாரை வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்றுதான் அவர் தரப்பில் சொன்னார்கள். சரி, அந்தக் கணக்கை அப்படியே ஒத்துக்கொள்வோம். பணம்தான் பிரச்சினை என்றால் நகரத்துப் பிள்ளைகளுக்கு ஏன் அந்தத் திட்டம் இல்லை? சலவைத் தொழிலாளியின் மகன் பாதி நாள் துணி வெளுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், பட்டணத்து வக்கீல் மகன் முழு நாளும் பள்ளியில் இருப்பான். கிராமத்து அப்பா அம்மாக்களுக்கு இது புரிய பெரியாரோ திமுகவோ வந்து விளக்கியிருக்கவே வேண்டாம்.

இப்போது உங்கள் கட்சிக் கொள்கைக்கு வருகிறேன். தனிமனிதன் வாழ்க்கையில் சர்க்கார் தலையிடக் கூடாது, மேலே உட்கார்ந்து திட்டம் போடாதே என்று சொன்னவர், சட்டசபையைக் கூடச் சரியாகக் கலக்காமல், யார் பிள்ளை எதைக் கற்க வேண்டும் என்று மேலே உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறார். அதற்கு முன்னால் 1938-ல் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் அவர்தான். அதை எதிர்த்துச் சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் உயிரோடு திரும்பவில்லை. இரண்டு தடவை ஆட்சிக்கு வந்தார், இரண்டு தடவையும் பள்ளிக்கூடத்தில் கை வைத்தார். அப்படிப்பட்டவர் ஆறு வருஷம் கழித்து 'அரசாங்கத்தை நம்பாதே' என்று வந்து நின்றால், ஜனங்கள் 'எந்த அரசாங்கத்தை? உங்களுடையதையா?' என்று கேட்க மாட்டார்களா?

1954-ல் காமராஜர் வந்ததும் அந்தத் திட்டத்தை எடுத்தார்கள், எடுத்ததோடு நிற்காமல் பள்ளிகளைத் திறந்தார்கள், மதிய உணவு போட்டார்கள். எங்கள் வீட்டில் முதலில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என் அப்பா, அந்த மதிய உணவில்தான். எங்களைப் போன்ற குடும்பங்களிடம் வந்து 'சிறிய அரசாங்கம்' என்றால் என்ன காதில் விழும் என்று நினைக்கிறீர்கள்?

தேன்கூடு எழுதியது:

டீச்சர் 🔥🔥 இழையை இத்தோடு பூட்டிவிடலாம்

கடைக்கணக்கு எழுதியது:

பூட்ட வேண்டாம் தம்பி, இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம்.

டீச்சர், நீங்கள் சொன்னதில் பாதி என் கட்சிக்கே சாட்சி. மேலிருந்து பள்ளிக்கூடத்தை நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 1953 ஒரு உதாரணம். அதனால்தான் பள்ளியை அரசாங்கத்திடம் விடாதே, பெற்றோர் கையில் பணத்தைக் கொடு, அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும் என்று உலகம் முழுக்கப் பழமைவாதிகள் சொல்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு, கட்டணம் அரசு தரும் என்று இருக்கிறதே, அது கிட்டத்தட்ட அந்த யோசனைதானே?

மரநிழல்_டீச்சர் எழுதியது:

யோசனை நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பணம் பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளை இரண்டு வகுப்பு தாண்டிவிடும். அப்புறம், எங்கள் பக்கத்து மலைக் கிராமத்தில் தேர்ந்தெடுக்க இரண்டாவது பள்ளி எங்கே இருக்கிறது? லாபம் வராத இடத்துக்கு எந்தத் தனியார் பள்ளியும் வராது. அங்கே இருப்பது ஒரே அரசுப் பள்ளி. அதைச் சுருக்கினால் தேர்வும் இல்லை, பள்ளியும் இல்லை.

பழைய_தாள் எழுதியது:

பெரியவன் என்கிற உரிமையில் இரண்டு பேரையும் கொஞ்சம் குறுக்கிடுகிறேன். ராஜாஜியை ஒரே நிறத்தில் அடிக்காதீர்கள்.

1952-ல் அவர் முதலமைச்சரானபோது ரேஷனும் தானியக் கட்டுப்பாடும் அமலில் இருந்தன. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு அரிசி கொண்டுபோனால் குற்றம். எடுத்துவிட்டால் பஞ்சம் வரும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள், அவர் ஒரே அடியாகக் கட்டுப்பாட்டை எடுத்தார், பதுங்கியிருந்த அரிசி கடைக்கு வந்தது. அந்த மனுஷனுக்குச் சந்தையின் மேல் இருந்த நம்பிக்கை புத்தகத்தில் படித்தது இல்லை.

இனி கடைக்கணக்குத் தம்பிக்குப் பிடிக்காத பகுதி. நீங்கள் தினம் திட்டுகிற விற்பனை வரி இருக்கிறதே, இந்தியாவிலேயே முதலில் பொது விற்பனை வரி போட்டது சென்னை மாகாணம், 1939-ல். போட்டது ராஜாஜி அரசு! 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு ஆரம்பித்தார்கள், பிறகு வேறு மாவட்டங்களுக்கும் நீண்டது, கள்ளுக்கடை வருமானம் போனது, அந்த ஓட்டையை அடைக்க எல்லாச் சரக்கின் மேலும் ஒரு சின்ன வரி. அந்தச் சின்ன வரியின் பேரன்தான் இன்றைய ஜிஎஸ்டி. வரியை வெறுத்த தலைவர் என்று நீங்கள் மாலை போடுகிற ஆள்தான் மாநிலங்களுக்கெல்லாம் இந்த வழியைக் காட்டினார். அவர் கண்ணில் குடி அவ்வளவு பெரிய தீமை, அதை ஒழிக்க எவ்வளவு பெரிய சர்க்காரும் சரிதான்.

செங்கல் எழுதியது:

இதுதான் ஐயா விஷயம். பழமைவாதிகள் 'சிறிய அரசாங்கம்' என்பது பணக்காரன் பெட்டிக்கு மட்டும்தான். அடுத்தவன் கிளாஸில் என்ன இருக்கிறது, பிள்ளை என்ன மொழி படிக்கிறது என்று பார்க்க மட்டும் பெரிய அரசாங்கம் வேண்டும்.

அந்த 97.75-ஐயும் கொஞ்சம் பார்ப்போம். இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல் வருமானம், 1973-ல்! எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? தீப்பெட்டி வாங்கியவன் எல்லாம் எக்சைஸ் வரி கட்டிக்கொண்டிருந்தான், அவனுக்காக எந்தப் பழமைவாதி கண்ணீர் விட்டான்? சுதந்திரா கட்சியில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி. ஒரிசாவில் முதலமைச்சரான ஆர்.என். சிங் தேவ், அவரும் சமஸ்தானத்து ராஜா. 1969-ல் 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோது கோர்ட்டுக்குப் போன ஆர்.சி. கூப்பர், அவரும் அதே கட்சிக்காரர்தான். கட்சி சொன்ன 'சுதந்திரம்' யாருக்கு என்று ஆட்களைப் பார்த்தாலே தெரிகிறது.

தமிழ்நாடு வளர்ந்தது அரசு ஒதுங்கி நின்றதால் இல்லை. கிண்டி தொழிற்பேட்டை, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, நெய்வேலி, திருச்சி பெல், பிறகு சிப்காட் (மாநில அரசின் தொழிற்பேட்டைகள்). அரசு நிலம் எடுத்து, ரோடு போட்டு, கரண்ட் கொடுத்த இடத்தில்தான் தனியார் வந்து கம்பெனி வைத்தான்.

கடைக்கணக்கு எழுதியது:

கூப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-ல் அரசுக்கு எதிராகத்தான் தீர்ப்பு சொன்னது, அதையும் எழுதுங்கள். தீர்ப்பு வந்த சில நாளில் இன்னொரு அவசரச் சட்டம் போட்டு அதே வங்கிகளை எடுத்துக்கொண்டார்கள். கோர்ட் சொன்னாலும் கேட்காத அரசாங்கம் நாளைக்கு மகாராணியோடு நிற்காது, என் கடைக்கும் வரும் என்பதுதான் எங்கள் பயம். 1978-ல் 44-வது திருத்தத்தில் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு எட்டு வழிச் சாலைக்கும் விமான நிலையத்துக்கும் நிலம் எடுக்கும்போது விவசாயி பக்கம் கொடி பிடிக்கிறீர்களே தோழர், அந்த விவசாயிக்கு வேண்டியது அதே உரிமைதானே?

செங்கல் எழுதியது:

விவசாயியின் இரண்டு ஏக்கரும் ஜமீனின் இரண்டாயிரம் ஏக்கரும் ஒரே தராசில் நிற்காது.

கடல்தாண்டியவன் எழுதியது:

அமெரிக்காவிலிருந்து எழுதுகிறேன், இங்கே இதே சண்டை தினமும் நடக்கும். ரீகன் வந்தபோது உச்ச வரி 70, போகும்போது 28. பொருளாதாரம் வளர்ந்தது உண்மை, ஆனால் நாட்டின் கடனும் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆனது, ஏனென்றால் வரியைக் குறைத்த மனுஷர் ராணுவச் செலவை ஏற்றினார். அதைவிட நல்ல உதாரணம் கான்சஸ் மாநிலம். 2012-ல் ஆளுநர் பிரவுன்பேக் வருமான வரியை வெட்டினார், தொழில் கொட்டும் என்றார். கொட்டவில்லை. பணமில்லாமல் சில மாவட்டங்கள் பள்ளி ஆண்டையே முன்கூட்டி முடித்தன. 2017-ல் அவருடைய சொந்தக் குடியரசுக் கட்சியினரே பலர் எதிர் அணியோடு சேர்ந்து வாக்களித்து, அவர் வீட்டோவை மீறி வரியைத் திரும்ப ஏற்றினார்கள். டீச்சர் சொன்னதுதான் அங்கேயும். வரியைக் குறை என்றால் சரி சரி என்று தலையாட்டுபவர்கள், பள்ளிக்கூடத்தில் கை வைத்ததும் திரும்பிவிட்டார்கள்.

தேன்கூடு எழுதியது:

அண்ணே பட்ஜெட்டை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், இங்கே டாஸ்மாக் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை

பழைய_தாள் எழுதியது:

பேசுவோம். 1967-ல் திமுகவை ஆட்சிக்குக் கொண்டுவந்த கூட்டணியில் ராஜாஜியும் இருந்தார், சுதந்திராவுக்கு சட்டசபையில் இருபது இடம் கிடைத்தது. 1971-ல் அதே திமுக அரசு மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறது என்றதும் நேரில் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நடக்கவில்லை. பிறகு திரும்ப மூடினார்கள், திரும்பத் திறந்தார்கள், 1983-ல் டாஸ்மாக் வந்தது, 2003-லிருந்து சில்லறை விற்பனையும் அரசே செய்கிறது. இப்போது எந்தக் கட்சி வந்தாலும் அந்த வருமானத்தை விட முடியாது. பழமைவாதிக்கு இதைவிடப் பொருத்தமான வாதம் வேறென்ன கிடைக்கும்? அரசாங்கம் ஒரு வருமானத்தில் பழகிவிட்டால் அது எவ்வளவு கேவலமான வருமானமாக இருந்தாலும் விடாது. ஆனால் அதைச் சொல்கிற பழமைவாதி அடுத்த வரியிலேயே 'முழு மதுவிலக்கு' என்பான், மறுபடி போலீஸ், மறுபடி பெரிய சர்க்கார்.

தலைமையைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரு ஆளை நம்பி நாட்டை விடாதே, பலமான எதிர்க்கட்சி வேண்டும் என்று ராஜாஜி நேருவுக்கு எதிராகச் சொன்னது சரியான பேச்சு. 1971-ல் அந்தப் பேச்சு என்ன ஆனது? சுதந்திரா, ஜனசங்கம், பழைய காங்கிரஸ், சோஷலிஸ்டுகள் எல்லாம் சேர்ந்து 'இந்திராவை விரட்டு' என்றார்கள். அந்த அம்மா 'வறுமையை விரட்டு' என்றார். ஜனங்கள் எதற்கு ஓட்டுப் போடுவார்கள்? கொள்கைக் கட்சி என்று ஆரம்பித்தவர்கள் கடைசியில் ஒரு ஆளைப் பிடிக்காது என்பதை மட்டும் சொல்லிக்கொண்டு போய் நின்றார்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி காலமானார், அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கூட அந்தப் பெயரில் கட்சி ஓடவில்லை. தனிமனிதரை நம்பாதே என்று சொன்ன கட்சியின் கதி இது.

நிலா_2003 எழுதியது:

நான் கல்லூரி மாணவி, ராஜாஜியைப் பாடப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி, ஆனால் இப்போது வலதுசாரி என்று சொல்லிக்கொள்கிறவர்களைப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம். 2016 நவம்பர் 8 ராத்திரி ஒரு அறிவிப்பில் புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் செல்லாமல் போனது. என் காசை நான் எடுக்க வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அரசு சொல்லியது. சிறிய அரசாங்கம் பேசுகிறவர்கள் அன்றைக்கு அல்லவா தெருவுக்கு வந்திருக்க வேண்டும்? கை தட்டினார்கள். அவசரநிலைக் காலத்தில் 42-வது திருத்தம் போட்டு கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து, ஒன்றியமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்கு எடுத்துக்கொண்டார்கள், அதை எதிர்த்து வந்தவர்கள்தான் இப்போது ஆளுகிறார்கள், மாநிலத்திடம் திருப்பிக் கொடுத்தார்களா? தேசியக் கல்விக் கொள்கையை முழுதாக ஏற்றால்தான் பள்ளித் திட்டத்துக்குப் பணம் என்கிறார்கள். தலைவர் நம்ம ஆள் என்றால் அரசாங்கம் எவ்வளவு பெரிதானாலும் பரவாயில்லையா சார்?

கடைக்கணக்கு எழுதியது:

நிலா, நீங்கள் கேட்டது நேர்மையான கேள்வி, என் பதிலும் நேராக இருக்கட்டும். பரவாயில்லை இல்லை. பணமதிப்பிழப்பு நான் பார்த்ததிலேயே மோசமான அரசுத் தலையீடு, அந்த டிசம்பரில் என் கடையில் சம்பளம் கொடுக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கல்வியும் மாநிலப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். அதிகாரம் ஜனங்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் பழமைவாதமே, சென்னையில் இருப்பதை டெல்லிக்குக் கொண்டுபோவது எந்த ஊர் வலதுசாரித்தனம் என்று எனக்கும் புரியவில்லை. செஸ் (ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று போடும் தனி வரி), சர்சார்ஜ் கதையும் அதேதான். ஒன்றியம் வசூலிக்கும் வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்று பதினைந்தாவது நிதிக்குழு சொன்னது, ஆனால் செஸ்ஸும் சர்சார்ஜும் அந்தக் கணக்கிலேயே வராது. அதனால் வரி ஏற்ற வேண்டும் என்றால் செஸ் என்று பெயர் வைத்தால் போதும், பங்கு கொடுக்க வேண்டியதில்லை.

லைசென்ஸ் ராஜ்யம் போய் இப்போது நடப்பது ரிட்டன் ராஜ்யம், அதாவது ஓயாமல் வரிக் கணக்குத் தாக்கல் செய்வது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி அடுக்குகளைக் குறைத்து பெரும்பாலும் 5, 18 என்று ஆக்கினார்கள், நல்ல காரியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் 16-வது பிரிவு அப்படியே இருக்கிறது. நான் ஒருவரிடம் சரக்கு வாங்குகிறேன், வரியோடு சேர்த்து பில் பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டேன், வங்கிக் கணக்கில் ஆதாரம் இருக்கிறது. அவர் அந்த வரியை அரசுக்குக் கட்டவில்லை. நோட்டீஸ் யாருக்கு வரும்? எனக்கு! ஐடிசி (சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுத்தது செல்லாது, வட்டியோடு கட்டு என்று. ஏமாற்றியவனை விட்டுவிட்டு, கையில் கிடைத்தவனைப் பிடிக்கிறார்கள். பெரிய கம்பெனி வக்கீல் வைத்து வருஷக்கணக்கில் இழுப்பான், நான் ஆடிட்டர் பீஸ் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கட்டுவேன். அரசாங்கம் சின்னதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான், மகாராணியின் நகையை வைத்து இல்லை.

மரநிழல்_டீச்சர் எழுதியது:

இதை நீங்கள் முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான் அவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன் 😄 97.75 எங்கள் வீட்டில் யாரையும் தொட்டதில்லை, இந்த நோட்டீஸ் என் தம்பிக்கே வந்திருக்கிறது, அவன் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். ஆனால் இதைச் சொல்கிற கட்சி முதலில் பள்ளிக்கூடத்தையும் ரேஷன் கடையையும் தொட மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கட்டும், அது இல்லாமல் எங்கள் ஊரில் கதவைத் தட்டினால் மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், ஓட்டு வராது.

செங்கல் எழுதியது:

பள்ளி, ரேஷன், ஆஸ்பத்திரி, மகளிர் உரிமைத் தொகை எதையும் தொட மாட்டார், வரியையும் குறைப்பார். பணம் எங்கிருந்து வரும் கடைக்கணக்கு சார்? கான்சஸ் கதையை இப்போதுதானே படித்தோம்?

கடைக்கணக்கு எழுதியது:

மகளிர் தொகையை நான் எதிர்க்கவில்லை, நேராகக் கையில் பணம் போவது நல்லதுதான், நடுவில் அதிகாரி இல்லை. நஷ்டத்தில் ஓடும் வாரியங்கள், கழகங்கள், யாருக்கும் பயன்படாத இலாகாக்கள், ஒவ்வொரு அமைச்சருக்கும் விளம்பரம், இங்கே ஆரம்பியுங்கள். விகிதத்தைக் குறைப்பது அப்புறம், முதலில் விதியைக் குறையுங்கள். 16-வது பிரிவைத் திருத்த ஒரு ரூபாய் செலவில்லை. இதற்கு ஒரு மனு எழுதினால் கையெழுத்துப் போடுவீர்களா தோழர்?

செங்கல் எழுதியது:

16-வது பிரிவுக்குப் போடுவேன். கூடவே 2015-ல் எடுத்த செல்வ வரியைத் திரும்பக் கொண்டுவா என்று இரண்டாவது வரி சேர்ப்பேன், அதற்கு நீங்கள் போடுவீர்களா?

கடைக்கணக்கு எழுதியது:

மாட்டேன். இரண்டு தனி மனுவாக எழுதுவோம்.